கஞ்சி போட்ட திரை

சென்ற வாரம் ஒரு பத்திரிகையில் படித்தேன். தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டு ஹைட்ரஜனைப் பிரித்து, அதில் வண்டி ஓட்டப் போகிறார்களாம். அந்த வேலையில் பெரிய சங்கடமே நடுவில் வைக்கிற சவ்வுதானாம். மின்சாரம் தண்ணீர் வழியாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் கிளம்புகிற வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. அப்படி ஒரு சவ்வு செய்வதற்காகப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சவ்வைத் துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் காயப்போட்டிருக்கிறோம்.

அவர்களைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஹைட்ரஜனில் வண்டி ஒன்றும் ஓடவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததும் என் மாமியாரின் முகம் கண்முன் வந்து நின்றது. இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் விராலிமலைப் பக்கம். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் பெருமூச்சு என்று வாழ்கிற ஊர். ஐம்பதுகளின் கடைசியில் என்னை மணமேல்குடிப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். "மாப்பிள்ளை அதிர்ந்து பேசமாட்டார்" என்று தரகர் சொன்னார். உண்மைதான். அதிர்ந்து பேசமாட்டார் என்பது மட்டுமில்லை, பேச வேண்டியதையும் பேசமாட்டார். அதைத் தரகர் சொல்லவில்லை.

கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. தாலி ஏறிய கையோடு என் மாமியார் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "பந்தியில உக்காராமப் போறீகளே தங்கச்சி?" என்று என் அப்பா கேட்டதற்கு, "வீடு தனியாக் கெடக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். பெற்ற மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்காராத பெண்பிள்ளையை எங்கள் ஊரார் அதற்கு முன் பார்த்ததில்லை. வெகு காலம் பேசித் தீர்த்தார்கள். எனக்கும் கோபம்தான். என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன்.

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் மாமனார் பிழைப்புக்காக ரங்கூன் போனவர். சண்டை வந்ததும் அங்கிருந்தவர்களில் நடந்து வந்தவர்கள் நடந்து வந்தார்கள், கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். இவர் வரவில்லை. செத்துப் போனார் என்று சொல்லவும் ஒரு சாட்சி இல்லை. அத்தை நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பகலில் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். ஒரு ராத்திரிகூட அந்த வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை. "வந்து கதவத் தட்டுனா தெறக்க ஆள் வேணாமா?" என்பார். அதைச் சொல்லும்போது அழமாட்டார். பால்காரர் வருவார் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார்.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் சளி பிடித்தது. சளி போனது, இழுப்பு மட்டும் தங்கிவிட்டது. மூச்சை உள்ளே இழுத்தால் வெளியே போகாது. நெஞ்சுக்குள் பூனை ஒன்று உட்கார்ந்து கத்துகிற மாதிரி சத்தம் வரும். ஒருமுறை நகமெல்லாம் நீலம் பாரித்து, என்னைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரு பெரிய இரும்பு உருளையிலிருந்து குழாய் வைத்து மூக்கில் ஆக்ஸிஜன் விட்டார்கள். ஊசியும் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நான் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டேன்.

டாக்டர் பெரியவர். என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "கடற்காத்து இந்தப் பொண்ணுக்கு ஒத்துக்கல வாத்தியாரே. ஈரம் இல்லாத ஊராப் பாத்துப் போயிருங்க. இப்படியே விட்டா ஒரு மழைக்காலம் தாங்காது."

என் அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். அங்கேயே பேச்சை முடித்துவிட்டார். அடுத்த மழை தொடங்கியதும் வருவேன், இழுப்பு இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றார். மாப்பிள்ளை இடமாற்றம் வாங்கிக்கொண்டு பின்னால் வரட்டும், அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

அதுவரை என்றால் எதுவரை? எங்கள் தெருவிலேயே அப்படி வந்து இருந்துவிட்டவள் ஒருத்தி உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புருஷன் வந்து பார்த்துவிட்டுப் போவான். பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தான். நான் அவளாக மாட்டேன் என்று எனக்குள் சபதம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அசடுதான், ஆனால் என் அசடு. அவரை விட்டுப் போவதைக் காட்டிலும் மூச்சு முட்டுவதே மேல் என்று நினைக்கிற வயசு எனக்கு.

இடமாற்றம் கேட்டால் கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவை என்ன செய்வது? "வா" என்றால் வரமாட்டார். விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டில் ஒற்றையாக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் ஒரே பிள்ளை. அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்க இவருக்கு நாக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், அறந்தாங்கி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஆக்ஸிஜன் இருந்தாப் போதும், இல்லையா?" என்றார்.

"எது?"

"ஒனக்கு. ஆக்ஸிஜன் வீட்டுலயே இருந்தா நீ இங்கயே இருக்கலாம்ல?"

"அந்த உருளைய ஆருங்க நமக்குத் தரப் போறா?"

"உருளை எதுக்கு? தண்ணியில இருக்கு. பிரிச்சு எடுத்தாப் போச்சு" என்றார். ஏதோ தேங்காய் உரிக்கிற மாதிரி.

மறுநாளே வேலை தொடங்கியது. முதல் பலி என் சீதனம். எங்கள் வீட்டில் கொடுத்த எவர்சில்வர் தட்டுகள் இரண்டைத் தகடாக வெட்டிவிட்டார். அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் ஊரில் நாலு பேர் வந்து முகம் பார்த்துவிட்டுப் போவார்கள். துரு ஏறாத தகடு வேறு கிடைக்காது என்று சமாதானம் சொன்னார். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு வீட்டுக்காரக வந்து தட்டைக் கேட்டா நான் என்னடா பதில் சொல்லுவேன்?" என்று இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் எனக்காகத்தானே வெட்டினார் என்று நினைக்கும்போது அந்த எரிச்சலுக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது.

அந்தக் கடலோர ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. ஜெகதாப்பட்டினத்தில் மீன் லாரி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், தம் லாரியின் பழைய பேட்டரியைக் கொடுத்தார். என் மாமனாரும் அவருடைய அண்ணனும் ஒரே கப்பலில் ரங்கூன் போனவர்களாம். அண்ணன் திரும்பி வந்துவிட்டார். அதனாலேயே அத்தையைக் கண்டால் ராவுத்தருக்குப் பேச்சு தணிந்துவிடும். லாரி எங்கள் வழியாகப் போகும்போதெல்லாம் நிறுத்தி, தீர்ந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு சார்ஜ் ஏறியதைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடியில் தண்ணீர், அதற்குள் இரண்டு தகடு, தகடுகளுக்குமேல் அடி வெட்டிய பாட்டில்கள், பாட்டில் வாயிலிருந்து ரப்பர் குழாய், குழாய் முனையில் பள்ளிக்கூடத்துக் கால்பந்தின் உள்ளே இருக்கிற பிளாடர் ஒவ்வொன்று. இதுதான் எங்கள் ஆக்ஸிஜன் தொழிற்சாலை. டிரில் மாஸ்டர் பிளாடரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

முதல் தடவை எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். கடலோரக் கிணறு, வாயில் வைக்க முடியாத உப்பு. பேட்டரி வயரைச் சொருகியதும் பிளீச்சிங் பவுடர் நெடி கிளம்பிற்று. உப்பிலிருந்து குளோரின் வந்துவிட்டது. பாடம் நடத்துகிற மனுஷனுக்கு அது தெரியாதா? தெரியும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அது தண்ணீர்தான், உப்பு இருப்பதே நினைவில் இருக்காது. எனக்கு ஆக்ஸிஜன் கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து அன்று என்னை இருமவைத்தே கொன்றார். அதற்குப் பிறகு மழைத்தண்ணீரும் சலவை சோடாவும் என்று ஆயிற்று.

சோடாத் தண்ணீரில் காற்று நன்றாகக் கிளம்பியது. ஒரு தகட்டில் ஹைட்ரஜன், மற்றதில் ஆக்ஸிஜன். ஆனால் குமிழிகள் ஜாடிக்குள் அலைந்து திரிந்து அந்தப் பக்கத்துக் காற்று இந்தப் பாட்டிலுக்கு வந்துவிடும். இரண்டும் கலந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் நடுவில் ஒரு திரை வேண்டும் என்றார். "தண்ணி நனைஞ்சு ஊடுருவணும், காத்து ஊடுருவக் கூடாது. அப்படி ஒரு திரை." இதையே தூக்கத்திலும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

தகட்டைச் சுற்றி ஒரு பை மாதிரி தைத்துக் கொடுப்பது என் வேலை. முதலில் பழைய வேட்டித் துணியில் தைத்தேன். குமிழி சல்லடையில் போகிற மாவு மாதிரி போய்விட்டது. ராவுத்தர் பாய்மரத் துணி கொண்டுவந்தார். அது தண்ணீரையே விடமாட்டேன் என்றது, கரண்ட் ஓடவில்லை. குயவரிடம் சொல்லி மெல்லிய மண் குவளை செய்து வாங்கினார். அது நன்றாகத்தான் வேலை செய்தது, சோடா அரித்து ஒரு வாரத்தில் பிளந்துகொண்டது. ஆட்டுத்தோல் வைத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் ஜாடிக்குள் தோல் இல்லை, கூழ் இருந்தது. வீட்டில் வீசிய நாற்றத்துக்கு அத்தை சாம்பிராணி போட்டார், அந்தப் புகையில் எனக்கு இழுப்பு வந்தது.

பரிசோதனையும் பக்கத்திலேயே நடக்கும். பிளாடரிலிருந்து கொஞ்சம் காற்றைச் சோதனைக் குழாயில் பிடிப்பார். ஊதுவத்திக் கங்கை உள்ளே விட்டால், ஆக்ஸிஜன் சுத்தமாக இருந்தால் கங்கு பளிச்சென்று எரியும். ஹைட்ரஜன் என்றால் 'டப்' என்று ஒரு சத்தம். அத்தை அடுக்களை வாசலில் முறத்தோடு நின்று பார்ப்பார். 'டப்' என்றதும் முறம் குலுங்கும்.

"இதுக்குத்தான் சத்து ஜாஸ்தி போல" என்றார் ஒருநாள் என்னிடம் மெதுவாக. நான் சிரித்துவிட்டு ஊசியில் நூல் கோத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேட்டித் துணிப் பை ஒன்று கொடியில் தொங்கியதை அத்தை பார்த்தார். சோடாத் தண்ணீரில் கிடந்து துவண்டு போயிருந்தது. அவர் கையில் வெள்ளைத் துணி அகப்பட்டால் கஞ்சி ஏறாமல் தப்பியதில்லை. எங்கள் தலையணை உறைகூட முறுக்கு மாதிரி விறைத்துக்கொண்டு கன்னத்தைக் குத்தும். அன்று சோறு வடித்த கஞ்சியில் அந்தப் பையையும் தோய்த்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டார். இவர் கவனிக்காமல் அதையே எடுத்து மாட்டினார்.

அன்றுதான் முதல்முறையாகக் கங்கு எரிந்தது. பளிச்சென்று, வெள்ளையாக. துணியின் கண்களையெல்லாம் கஞ்சி அடைத்துக்கொண்டு தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. ஈரம் போகிறது, காற்று போகவில்லை. இவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார். "யாரு இதுக்குக் கஞ்சி போட்டது?" என்று கத்தினார். கத்தியது சந்தோஷத்தில். அத்தை திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, "அழுக்கா இருந்துச்சேன்னு அலசிப் போட்டேன், அதுக்கு என்னடா இப்ப?" என்று எகிறினார். இவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்று நம்பிவிட்டேன்.

கஞ்சி இரண்டு நாள் தாங்கும், பிறகு கரைந்து நுரை தள்ளும். மறுபடி புதுக் கஞ்சி. அதை அத்தை தம் வேலையாக எடுத்துக்கொண்டார். காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்ததும், "திரைக்குக் கஞ்சி எடுத்து வெச்சிட்டேன்" என்று மகனிடம் சொல்வார். எங்களுக்குள் அதிகம் பேச்சு இல்லாவிட்டாலும், நான் தைத்த பைக்கு அவர் கஞ்சி போடுவதும் அவர் கஞ்சி போட்டதை நான் விரித்துக் காயவைப்பதுமாக ஒரு பழக்கம் ஏற்பட்டது. ஒருநாள் பையின் தையலைத் தடவிப் பார்த்து, "நறுவிசாத்தான் தச்சிருக்க" என்றார். இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதை நான் அன்று முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசி அடைமழை பிடித்தது. அப்பாவிடமிருந்து ஆள் வந்தது, அந்த வாரக் கடைசியில் வருவதாக. இவர் பள்ளிக்கூடம் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஜாடியின் முன்னால்தான் இருந்தார். பிளாடர் இரண்டும் உத்தரத்தில் தொங்கின. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்ஸிஜன் ஒரு பங்குதான். அதனால் ஒன்று பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டிருக்கும், இன்னொன்று சுருங்கித் தொய்ந்திருக்கும். தொய்ந்ததுதான் எனக்கு என்று இவர் சொல்லியிருந்தார். பெரியதை அவ்வப்போது வெளியே கொண்டுபோய்த் திறந்து விட்டுவிடுவார்.

அப்பா வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் எனக்கு இழுப்பு வந்தது. இவர் பள்ளிக்கூடத்தில். மாத்திரை போட்டேன், கேட்கவில்லை. தரையில் குந்தி இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டேன். அத்தை என் முதுகைத் தேய்த்தார். கண்கள் பிதுங்குவதைப் பார்த்ததும் எழுந்தோடி உத்தரத்துக்குக் கீழே நின்றார். கை ஒரு கணம் அங்கிட்டும் இங்கிட்டும் போனது எனக்குத் தெரிந்தது. சின்னது, சின்னது என்று சொல்ல நினைக்கிறேன், மூச்சு இருந்தால்தானே குரல் வரும்? அத்தை பெரிய பிளாடரை அவிழ்த்துக்கொண்டு வந்து என் மூக்கில் வைத்து அழுத்தினார்.

"இழு ஆத்தா, நல்லா இழு" என்றார்.

இழுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்தக் காற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடைத்துக் கிடந்த நெஞ்சுக்குள் அத்தனை சுலபமாக ஒன்று போய்வருவதை நம்ப முடியவில்லை. இரண்டாவது தடவை இழுத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிளாடரைத் தள்ளிவிட்டு, "அத்தே, போதும், இது இல்ல" என்றேன்.

என் குரல் என் குரலாக இல்லை. பால்குடி மறக்காத குழந்தை ஒன்று கீச்சென்று பேசிற்று. அத்தை திரும்பி வாசலைப் பார்த்தார், எந்தப் பிள்ளை வந்து நிற்கிறது என்று. யாரும் இல்லை. என் பக்கம் திரும்பினார். "இது இல்லத்தே" என்று மறுபடியும் அதே கீச்சுக் குரலில் சொன்னேன். பிளாடரைத் தூர எறிந்துவிட்டு என்னை அப்படியே மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எம்புள்ளையக் கொன்னுட்டனே, நானே கொன்னுட்டனே" என்று வாய்விட்டு அழுதார். ரங்கூன்காரருக்காக நான் பார்க்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி. அடுப்பு நல்லவேளையாக அணைந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. ஹைட்ரஜன் லேசான காற்று, இழுத்தால் கொஞ்ச நேரம் குரல் அப்படித்தான் கீச்சிடுமாம். மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கியது. நான் அவர் மடியிலேயே கிடந்தேன். எழுந்திருக்க மனசு இல்லை.

"ஏத்தே பெருசை எடுத்தீக?" என்று கேட்டேன்.

"சீக்காளிக்குச் சின்னதையா குடுப்பாக?" என்றார் மூக்கைச் சிந்திக்கொண்டு. "சோறா இருந்தாலும் காத்தா இருந்தாலும் ஒனக்குப் பெருசுதான் குடுக்கணும்னு தோணுச்சு. அவன் படிச்ச முட்டாப்பய, ஒனக்குப் போயிச் சின்னதைத் தொங்கவிட்டிருக்கான்னு நெனச்சேன்."

பந்தியில் உட்காராமல் போன மனுஷிமேல் நான் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

சாயங்காலம் இவர் வந்தார். நடந்ததைக் கேட்டதும் சுவரோடு சுவராகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை தள்ளி நின்றுகொண்டு கேட்டார்:

"ஏப்பா, அந்தச் சின்னதைக் குடுத்திருந்தா சரியாகியிருக்குமா?"

இவர் உத்தரத்தில் தொங்கிய சின்னப் பிளாடரைப் பார்த்தார்.

"சொல்லு தம்பி. அது எவ்வளவு நேரத்துக்கு வரும்?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். தலையைக் குனிந்துகொண்டார். "நாலஞ்சு மூச்சுக்கு வரும், ஆத்தா."

"நாலஞ்சு நாளைக்கா?"

"நாலஞ்சு மூச்சுக்கு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அது தெரிஞ்சேவா இத்தனை மாசமா தட்டை வெட்டி, தோலை ஊறவெச்சு, என்னைத் தைக்கச் சொன்னீக?" என்று கேட்டேன்.

"பேட்டரிய நாலா ஆக்கினா, தகட்டைப் பெருசாக்கினா..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். "வேற என்னதான் செய்யச் சொல்ற?" என்றார்.

அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அது யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குப் பதிலாக இந்த மனுஷன் தண்ணீரையே இரண்டாகப் பிளந்து பார்த்திருக்கிறார். ஆத்திரம் அப்படியே இறங்கிப்போய், அவர் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது. மாமியார் நிற்கும்போது எப்படித் தடவுவது? அத்தை அடுக்களைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். மழையில் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே, "என்ன தங்கச்சி, மகளக் கூட்டிட்டுப் போகட்டா?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். என்ன ஆனாலும் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார் அத்தை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தேன். "அவளத் தனியா இல்ல. நானும் வாரேன். இவன் இடமாத்தத்துக்கு எழுதிப் போட்டுட்டு வருவான். ஒங்க ஊருல ஒரு வீடு மட்டும் பாத்துக் குடுங்க, மேல ஒழுகாம இருந்தாப் போதும்."

இவர் எழுந்து நின்றார். "ஆத்தா, நீ எப்படி..." என்றார்.

"போடா, போயி டவுனு பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வா" என்றார் அத்தை.

பஸ்ஸில் போகவில்லை. ராவுத்தர் விஷயம் கேள்விப்பட்டு லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மழை விட்டிருந்தது. சாமான் அதிகம் இல்லை. இடமாற்றம் வரும்வரை இவர் டிரில் மாஸ்டர் வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. என்னை டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அத்தை வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்தார். கதவைப் பூட்டினார். பூட்டுவது எப்படி என்று தெரியாத மாதிரி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பூட்டுக்கு அதுவரை ராத்திரி வேலை இருந்ததில்லை. பிறகு ராவுத்தரிடம் வந்தார்.

"தம்பி, சாவி ஒங்ககிட்ட இருக்கட்டும்."

"இருக்கட்டும்க்கா."

"அவுக வந்தாகன்னா..." என்று தொடங்கினார். ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அண்ணன் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டார், என் மாமனார் இனி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அத்தைக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தாலும் அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்:

"வந்தாகன்னா கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. மகளுக்கு மூச்சு முட்டுது, அதான் விராலிமலப் பக்கம் போயிட்டேன்னு சொல்லுங்க."

மருமகள் என்று சொல்லவில்லை. லாரியில் ஏறி என்னை ஒட்டி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அவருக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன், வீடு மறைகிற வரைக்கும்.